வேண்டுதல் மாமா

கான்வென்ட் பள்ளிக்கூடத்து கார்னிவலுக்கு நீங்கள் போனதுண்டென்றால் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் சகிதம் கேட்டுக்குள் நுழைவார். நுழைந்ததும் மாதா கெபிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பக்கத்தில் ஒருவர் சிலுவை போடுவதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் போடுவார். இடது வலதுதான் கொஞ்சம் மாறிப்போகும். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வேண்டுதல் மாமா.

கடவுள் உண்டா இல்லையா என்ற குழப்பம் மாமாவுக்கு வந்ததே கிடையாது. எந்தக் கடவுள் இப்போது சற்று ஓய்வாக இருக்கிறார் என்பதில்தான் குழப்பம். செவ்வாய் காலையில் அந்தோணியார் கோயில், சாயங்காலம் முருகன். வியாழன் தர்கா, வெள்ளி அம்மன், சனி ஆஞ்சநேயர். பைக் சாவி காணாமல் போனால் மட்டும் கிழமை பார்க்காமல் அந்தோணியார். தொலைந்ததைத் தேடித் தருவது அவர் இலாகா. என் சாமிதான் உசத்தி என்று மாமா ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. எல்லாக் கடையிலும் பற்று வைத்திருப்பவர் எந்தக் கடைக்காரரைப் பகைத்துக்கொள்வார்?

கார்னிவலில் பிள்ளைகள் பஞ்சுமிட்டாய்க்கு ஓடுவார்கள். மாமா ஓடுவது ஹவுசி பந்தலுக்கு. லாட்டரி பார்த்து வளர்ந்த தலைமுறை. 1968இல் அண்ணா ஆட்சியில் வந்த அரசு லாட்டரிக்கு ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது வாசகம். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்ததிலிருந்து மாமாவுக்கு மிச்சமிருப்பது இந்தப் பந்தல்தான். இங்கே விழாவிட்டால் பள்ளிக்கூடத்துப் புதுக் கழிப்பறைக்கு.

சீட்டில் மூன்று வரிசை, 15 எண். சிஸ்டர் மைக்கில் 1 முதல் 90 வரை ஏதாவது ஒன்றைக் கூப்பிடக் கூப்பிட, மாமாவின் உதடு முணுமுணுக்கும். முதல் ஐந்து அடித்தால் பிள்ளையாருக்குச் சூடம். ஒரு வரிசை முடிந்தால் தேங்காய். பதினைந்தும் அடித்து ஃபுல் ஹவுஸ் என்றால் சிக்கல் முருகனுக்கு மொட்டை. யாருக்கு மொட்டை? பையனுக்கு! மாமாவின் நேர்த்திக்கடன்களெல்லாம் அடுத்தவர் உடம்பில்தான் நிறைவேறும். அங்கப்பிரதட்சணம் மச்சானுக்கு, விரதம் மனைவிக்கு.

இந்த வருஷம் 14 எண் அடித்துவிட்டார். 88 மட்டும் வரவில்லை. சிக்கல் சிங்காரவேலருக்கு எழுதிவைத்த அதே தலையை வேளாங்கண்ணி மாதாவுக்கும் எழுதினார். அப்படியும் வரவில்லை, நாகூர் ஆண்டவருக்கும் சேர்த்தார். கணக்கில் கெட்டிக்காரர்தான். நாகப்பட்டினத்துக்கு மேற்கே சிக்கல், வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, எல்லாம் ஒரே பஸ் செலவு. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் எல்லா மதத்தாரும் முடி இறக்குவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மதம் பார்க்காமல் வேண்டிக்கொள்ளும் இந்த வழக்கம் இன்று நேற்றையதல்ல. நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்தான், பிள்ளை வரம் கிடைத்ததற்காக என்று சொல்வார்கள். ஆனால் மன்னர் சொந்தச் செலவில் செய்தார்.

“ஹவுஸ்!” என்று ஒரு குரல் கேட்டது. மாமியார்! மிச்சக் கூப்பனுக்குக் காசு திருப்பித் தரமாட்டார்கள் என்பதற்காக, பஜ்ஜியா சீட்டா என்று யோசித்து, எண்ணெய் சரியில்லை என்று சீட்டு வாங்கியவர். பரிசு ஐந்து லிட்டர் குக்கர்.

“நான் என் சீட்டுக்குத்தானே வேண்டிக்கிட்டேன்?” என்று மாமா வக்கீலானார்.

“நம்ம வீட்டுக்கு விழணும்னு முணுமுணுத்தீங்களே, எனக்கே கேட்டுச்சு. சாமிக்குக் கேட்டிருக்காதா?” என்றார் மனைவி. வீடு என்றால் மாமியாரும் அதில் சேர்த்தியா என்று கேட்கும் தைரியம் மாமாவுக்கு இல்லை.

பையன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு பாட்டி பின்னால் ஒளிந்தான். பாட்டி குக்கர் மூடியைத் திறந்து, கேஸ்கட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: “அவனுக்கு ஸ்கூல் குரூப் போட்டோ இருக்கு மாப்பிள்ளை. உங்களை யாரு போட்டோ எடுக்கப் போறாங்க?”

மாமா இருக்கும் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். போக வர ஐந்து பேருக்கு டிக்கெட், ஒரு ராத்திரி லாட்ஜ், மூன்று உண்டியல். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு குக்கர் வாங்கலாம். ஆனாலும் மாமா போவார்; சாமியிடம் பாக்கி வைத்துப் பழக்கமில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நீங்கள் வேளாங்கண்ணி போனால், சந்தனம் பூசிய புது மொட்டையோடு ஐம்பது வயது மனிதர் ஒருவர் மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். குக்கர் எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்துவிடாதீர்கள்.