நாரி நோவுக்கு ஒரு நல்ல வேலை

இஞ்ச வா மருமோன், கதிரையில மெல்ல இரு. நாரியில கையை வைச்சுக்கொண்டு படியேறி வரேக்கையே கண்டிட்டன். ஊசி குத்தப் போறியாம், மாமி சொன்னா. நல்லது, போ. ஆனால் அதுக்கு முதல் ஒரு நல்ல வேலையாப் பார்த்து எடு.

பகிடி இல்லை. ஒன்ராறியோவில இருதயத்தை வெட்டித் தைச்சாலும் மாகாணத்தின்ர ஓஹிப் காப்புறுதி அட்டை பார்த்துக்கொள்ளும். அக்குபங்சர் ஊசிக்கு மட்டும் ஒரு சதமும் குடாது. அதுக்குக் கம்பனி குடுக்கிற பெனிபிட்ஸ் காப்புறுதி வேணும். கந்தோரில சுழல் கதிரையில இருக்கிறவைக்கு அது இருக்கு. ஏஜென்சிக்காரன் பிடிச்சு விட்ட ஃபக்டரியில இரவு ஷிப்டில பெட்டி தூக்கிற உனக்கு நாரி நோ மட்டும்தான். மார்கழி வரட்டும் பார், பெனிபிட்ஸில அந்த வருசத்து மிச்சக் காசு வீணாப் போயிடும் எண்டு ஒரு நோவும் இல்லாதவை கிளினிக் வாசலில நிப்பினம். பெனிபிட்ஸ் இல்லாட்டி ஆராவது பின்னால வந்து உன்ர காரை இடிக்க வேணும். சின்னக் காயத்துக்குக் கார் இன்சூரன்ஸ் 3,500 டொலர் வரைக்கும் வைத்தியம் பார்க்கும். அதுக்காக மார்க்கம் வீதியில சும்மா பிரேக் அடிக்காதை, சொல்லிப்போட்டன்.

உதென்ன கண்டறியாத சீன வைத்தியம் எண்டு பக்கத்து வீட்டு வாத்தியார் சிரிக்கிறார். கொழும்புப் பக்கம் களுபோவில ஆஸ்பத்திரியில டொக்டர் அன்ரன் ஜயசூரிய நாடறியக் குத்தின ஊசிதான் இது. அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை.

ஜேர்மன்காரர் இதை வடிவா ஆராய்ஞ்சவை. நாரி நோக்காரர் 1,162 பேரை மூண்டாப் பிரிச்சினம். ஒரு பகுதிக்கு உரிய இடத்தில ஊசி. இன்னொரு பகுதிக்கு ஒரு புள்ளியும் இல்லாத இடத்தில, மேலால ஒரு பொய்க்குத்து. மிச்சப் பேருக்குக் குளிசை, உடற்பயிற்சி எண்டு வழமையான வைத்தியம். ஆறு மாதத்தால கேட்டால், நல்லாப்போச்சு எண்டவை மெய் ஊசியில நூற்றுக்கு 48 பேர், பொய் ஊசியில 44, வழமையானதில 27. 2007 இல வெளிவந்த கணக்கு. வாத்தியார் சிரிக்கிறதும் இதைச் சொல்லித்தான்: பொய்யும் மெய்யும் ஒண்டாம். "அப்ப உங்கட குளிசை ஏன் மாஸ்ரர் பொய் ஊசியிட்டத் தோத்தது?" எண்டு கேட்டன். மனுசன் தேத்தண்ணியைக் கையில எடுத்திட்டார்.

ஜேர்மன் பொதுக் காப்புறுதி அந்த வருசமே நாரிக்கும் முழங்காலுக்கும் ஊசிக்காசு குடுக்கத் துவங்கீட்டுது. என்ர எண்ணம், அரை மணித்தியாலம் ஒருத்தரைப் படுக்கவிட்டு, எங்க நோகுது, நித்திரை வருதோ எண்டு ஆறுதலாக் கேட்டாலே பாதி நோ போயிடும். இஞ்சத்தைக் கிளினிக் சுவரில "ஒரு வரவுக்கு ஒரு பிரச்சினை மட்டும்" எண்டு ஒட்டியிருக்கு. நாரியைச் சொன்னால் முழங்காலை அடுத்த மாதம் கொண்டு வரவேணும்.

போறதெண்டால் ஆளைப் பார்த்துப் போ. 2013 சித்திரையில இருந்து ஊசி குத்திறவைக்கு மாகாணத்தில ஒரு ஒழுங்குச் சபை இருக்கு. 2022 இல அதைக் கலைக்கப்போறம் எண்டு அரசாங்கம் வெளிக்கிட்டு, சனம் எழும்பின சத்தத்தில ஒரு கிழமையிலயே பின்வாங்கிப்போச்சு. சபையின்ர பதிவேடு இணையத்தில கிடக்கு, பேரை அடிச்சுப் பார். பிசியோக்காரரும் குத்தலாம், அவைக்கு வேற சபை. ஊசிப் பைக்கற்றை உன்ர கண்ணுக்கு முன்னால உடைக்க வேணும். நெஞ்சுப் பக்கம் பிழையாக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகும். சீனி வருத்தக் குளிசையை நிப்பாட்டு எண்டு ஆராவது சொன்னால், குத்தின ஊசியோட எழும்பி ஓடு.

வேலை கிடைச்சவுடன பெனிபிட்ஸ் பத்திரத்தில மனுசி பிள்ளையளின்ர பேரைப் போடு. பெத்த தாய் தேப்பனுக்கே அதில இடமில்லை, மாமனுக்கு எங்க? என்ர முழங்காலுக்கு மாமி பூசிற எண்ணெய்தான். போத்தலும் முடிஞ்சுபோச்சு. தமிழ்க்கடைப் பக்கம் போனால் ஒண்டு வாங்கிக்கொண்டு வா.