சரித்திரம் பிசகாமல் ஷெல் அடிப்பது எப்படி?

கொம்பியூட்டருக்குள் நீர்மூழ்கி ஓட்டும் யாழ்ப்பாணத்துத் தம்பிமாருக்கு இந்தக் குறிப்பு. 'சைலன்ட் ஹண்டர் 4' விளையாட்டுக்கு 2008இல் வந்த இணைப்பு, ஜேர்மன் நீர்மூழ்கிகளை இந்து சமுத்திரம் வரை கொண்டுவந்துவிட்டது. எங்கள் கடலில் ஓடுவதென்றால் ஒழுங்காக ஓடும். எத்தனை ஷெல், எந்த வகை ஷெல் என்று இரவிரவாகச் சண்டை பிடிப்பவர்களிடம் எங்கள் மானம் போகக்கூடாது.

நெடுந்தீவுக்குப் பக்கத்தில் ஒளித்திருந்து அடிக்கலாம் என்ற நினைப்பை முதலில் விடும். பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். ஏழாம் வகை நீர்மூழ்கியே அடியிலிருந்து கோபுரம் வரை ஒன்பதரை மீற்றர் வரும். பெரிஸ்கோப்பை உயர்த்தினீர் என்றால் நண்டுவலைக்காரர் அதில் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த ஏழாம் வகையையும் விடும். அதன் 8.8 சென்ரிமீற்றர் பீரங்கியும் 220 ஷெல்லும் அத்திலாந்திக் கணக்கு. இங்கே வந்து திரும்ப எண்ணெய் போதாது. (அது தரைப்படையின் பேர்போன 88 அல்ல. ஒன்றின் ஷெல் மற்றதற்குப் பொருந்தாது. இதைச் சொல்லியே நல்ல சிநேகிதர்களை இழக்கலாம்.) ஒன்பதாம் வகையை எடும். அதன் பீரங்கி 10.5. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகள் மேல் ஏறத்தாழ 130 ஷெல் பொழிந்ததே, அதே விட்டம்.

விளையாட்டில் பொத்தானை அமுக்கினால் ஷெல் வந்து நிற்கும். உண்மையில் கைக்கெட்டிய தூரத்தில் நீர்புகாப் பெட்டியில் கிடந்தது சிலதுதான். மிச்சம் முழுக்க உள்ளே. ஆள்மாறி ஆள் கைமாற்றித்தான் மேலே வரவேண்டும். ஒன்று இருபது கிலோவுக்கு மேல். ஆகவே ஒவ்வொரு சூட்டுக்கும் குசினியிலிருந்து மொட்டைமாடிக்கு இருபது கிலோ அரிசிப் பையை வீட்டார் வரிசையாக நின்று கடத்தட்டும். சோளகக் காலமென்றால் மேலே நிற்பவர் மீது ஒருவர் வாளி வாளியாக உப்புத்தண்ணீர் ஊற்றவேண்டும். அம்மா ஏசுவதைக் கப்பல் தலைவரின் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம்.

குழல்வாய் மூடியைக் கழற்ற மறக்காதேயும். 1942 பெப்ரவரி 16இல் அரூபாத் தீவின் எண்ணெய் ஆலையைச் சுட வந்த ஜேர்மன் நீர்மூழ்கி யூ-156 மறந்தது. முதல் ஷெல்லிலேயே குழல் வெடித்தது. ஒருவர் செத்தார், ஒருவருக்குக் கால் போனது. தலைவர் ஹார்ட்டன்ஸ்டைன் பிய்ந்த நுனியை ரம்பத்தால் அறுப்பித்து, அந்தக் கட்டைக் குழலாலேயே பிறகும் சுட்டார். இப்படியொரு கட்டைக் குழலை எந்த விளையாட்டும் எனக்குத் தரவில்லை.

இனி, கவசம் துளைக்கும் ஷெல்லா, வெடிக்கும் ஷெல்லா? எதைச் சுடப்போகிறீர் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் இந்தச் சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். 1943 ஒக்டோபரில் யூ-168 இந்து சமுத்திரத்தில் பீரங்கியால் தாழ்த்தியது ஆறு பாய்க்கப்பல்களை. மற்றப் பக்கமும் திறமில்லை: 1944இல் திருகோணமலையிலிருந்து போன 'ஸ்டோர்ம்' போன்ற பிரித்தானிய நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணையில் சுட்டவற்றிலும் பாய்மரங்களும் சின்னக் கரையோரக் கப்பல்களும் நிறைய. பலகைக்கு எதற்குக் கவசம் துளைக்கும் ஷெல்? ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்விடும்.

எனவே சரித்திரச் சுத்தம் வேண்டுமென்றால் விளையாட்டின் கப்பல் பட்டியலில் ஒரு பாய்க்கப்பலைக் கூட்டும். மாதிரிக்கு வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி இருக்கிறது. 1938 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கப்பல், படங்களும் கிடைக்கும். பாயை ஒழுங்காகக் கீறும். அணியத்தில் திருநீற்றுக் குறி, அடியில் அரிசி மூட்டை. தண்டையலுக்கு ஒரு முகம் வையும். உம்முடைய அம்மப்பாவின் படம் இருந்தால் அதுவே போதும்.

பிறகு ஆயிரம் மீற்றருக்குள் வந்து, அவர்கள் சின்ன வள்ளத்தில் இறங்கும் வரை பொறும். இறங்குவதற்கான அசைவு விளையாட்டில் கிடையாது, நீர்தான் எழுதவேண்டும். எழுதி முடியும் வரை கரண்ட் போகாமல் இருந்தால், சுடும்.