ஐந்நூறு ரூபாய் அதிகாரத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

பொருள்: நசுங்கிய ஆல்ட்டோவும் அதன் உரிமையாளரின் அளவற்ற மகிழ்ச்சியும்.

பெருமதிப்புக்குரிய ஆணையத்தார் அவர்களுக்கு,

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் வழியில் திருவரங்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கார்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எட்டு வயது ஆல்ட்டோ, பொழுது சாய்ந்த வேளையில், தைலமரக் கட்டை ஏற்றிக்கொண்டு பின்விளக்கு இல்லாமல் போன டிராக்டர் டிரெய்லரில் போய் மோதிவிட்டது. ஆளுக்குக் காயமில்லை. பம்பர் பிளந்தது, பேனட் மடிந்தது, வலப்பக்க ஃபெண்டர் டயரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அன்றிரவுதான் அவர் பாலிசித் தாளை முதன்முதலாகப் படித்தார். படிக்கப் படிக்கப் பூரிப்பு!

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து பாலிசிக்கு வந்த வாசகம் அவருக்கு ஒரு மகத்தான அதிகாரம் தருகிறது: காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்காமலே தன் காரைப் பழுதுபார்க்கச் சொல்லலாம். எஸ்டிமேட் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வண்டியை அருகிலுள்ள பட்டறைக்கு இழுத்துப்போக அதிகபட்சம் 1,500 ரூபாய். 2002-இலிருந்து டீசல் விலை எங்கேயோ போய்விட்டது. இந்த இரண்டு தொகைகள் மட்டும் சொன்ன சொல் மாறாமல் நிற்கின்றன.

அருகிலுள்ள பட்டறை எது? அங்கேதான் சிக்கல். ஊரிலேயே டிங்கரிங் பட்டறை இருக்கிறது. ஃபெண்டருக்கு உள்ளே டாலிக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியே சுத்தியலால் அளந்து தட்டி, பட்டி பூசி, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துத் திருப்தியான பிறகே பெயிண்டைத் தொடுகிற மனிதர் அந்தப் பட்டறைக்காரர். ஆனால் 'கேஷ்லெஸ்' பட்டியலில் அவர் பெயர் இல்லை. கைக்காசு போடாமல் வேலை முடிய வேண்டுமானால் புதுக்கோட்டைக்குப் போ, இல்லாவிட்டால் திருச்சிக்குப் போ என்கிறது கம்பெனி. உள்ளூரில் செய்தால் முழுப் பணத்தையும் முதலில் கட்டிவிட்டு, பில்லோடு கம்பெனியின் வாசலில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது தேய்மானக் கணக்கு. பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி போச்சு. ஐந்து வயது தாண்டி, பத்து வயது தாண்டாத காரின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் போச்சு. உதாரணத்துக்கு, பம்பர் 2,000, பேனட் 5,000 என்று வையுங்கள். 7,000 ரூபாய்ச் செலவில் 4,000 நிற்கும். அதிலும் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 3,000. இத்தனை வருஷமாகப் பிரீமியம் கட்டியபோது தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்று தனியாக ஒன்று விற்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

உதிரிபாகம் கிடைப்பது இன்னொரு கதை. தனிப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் எளிதில் கிடைக்காதபடி செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். அது 2014 ஆகஸ்டில். டெல்லி ஆணையம் ஊர் மெக்கானிக்கின் பக்கம் பேசிப் பத்தாண்டு தாண்டிவிட்டது. ஐதராபாத் ஆணையத்தின் வாய்முத்துக்காகத் திருவரங்குளம் காத்திருக்கிறது.

2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு என்று தாங்கள் அறிவித்திருப்பது அறிந்து கார்க்காரர் மகிழ்கிறார். அதுவரை ஃபெண்டர் தாங்குமா என்பதுதான் அவருடைய கவலை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். 500, 1,500 என்ற தொகைகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்துங்கள். தேய்மான அட்டவணையைத் தமிழில், பாலிசியின் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். தரம் பார்த்து, தாலுகாவுக்கு இரண்டு உள்ளூர்ப் பட்டறைகளையாவது கேஷ்லெஸ் பட்டியலில் சேர்க்கச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னக் கார்களின் சார்பாக