க்ருப் வீட்டு ரகசியம்

ஜெர்மனியில் எஸ்ஸன் என்றோர் ஊர். அங்கே 1811-இல், மளிகையில் காசு பார்த்த குடும்பத்தின் பிள்ளை ஃப்ரீட்ரிக் க்ருப்புக்கு எஃகுப் பைத்தியம் பிடித்தது. இங்கிலாந்துச் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழையக் கூடாது என்று நெப்போலியன் தடை போட்டிருந்த நேரம். இங்கிலீஷ்காரனின் வார்ப்பு எஃகை நாமே காய்ச்சிவிட்டால் கல்லா நிரம்பும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரி, எஃகுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பாட்டி சேர்த்த சொத்து உலையில் கரைந்தது. நெப்போலியன் விழுந்ததும் தடையும் போனது. 1826-இல், 39 வயதில், கடனை வைத்துவிட்டு மனிதர் கண்ணை மூடினார்.

மிஞ்சியவை ஒரு பட்டறை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், 14 வயது மகன் ஆல்ஃப்ரெட். விதவை தெரேஸ மூலையில் உட்கார்ந்து அழவில்லை. "வார்ப்பு எஃகின் ரகசியம் கணவரோடு போய்விடவில்லை, மூத்த மகனிடம் இருக்கிறது" என்ற பொருளில் வாடிக்கைக்காரர்களுக்குத் தகவல் அனுப்பினார். புருஷனுக்கே பாதி நாள் கைகொடுக்காத ரகசியம் அது! என்னைக் கேட்டால், அந்த நிறுவனத்தின் முதல் உருப்படியான தயாரிப்பு அந்தக் கடிதம்தான்.

ரகசியத்தின் வாரிசு 1838-இல் என்ன செய்தார்? 'ஷ்ராப்' என்று பெயரை மாற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் அடுத்தவன் ஆலைகளை எட்டிப் பார்த்தார்.

ஆனால் ஆள் விடாக்கண்டன். ஸ்பூன், முள்கரண்டி செய்யும் உருளைகளை விற்று வயிற்றைக் கழுவினார். 1851 லண்டன் கண்காட்சியில் ஏறக்குறைய இரண்டு டன் எஃகுப் பாளத்தைக் கொண்டுவந்து இறக்கி இங்கிலீஷ்காரர்களை வாய் பிளக்க வைத்தார். பணத்தைக் கொட்டியது ரயில் சக்கரத்துக்கான ஒட்டில்லாத எஃகு வளையம். நிறுவனச் சின்னத்தின் மூன்று வட்டங்களும் அவைதாம். பீரங்கி வாய் என்று ஊரே நம்பியது, அதிலும் தப்பில்லை; பீரங்கியும் அங்கேதான் செய்தார்கள்.

1866-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதின. இரண்டு பக்கமும் க்ருப் பீரங்கி. ஆஸ்திரியாவுக்கு அனுப்பாதே என்று பெர்லின் சொல்லிப் பார்த்தது. அரசியல் எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறேன் என்கிற தோரணையில் ஆல்ஃப்ரெட் பதில் எழுதினார்.

வந்த பணத்தில் 269 அறைகளோடு ஹ்யூகல் மாளிகை எழும்பியது. தீப்பிடிக்கும் என்ற பயத்தில் கல்லும் இரும்பும் மட்டுமே, குளிருக்கு அடக்கமில்லை. குதிரைச் சாணி வாசனை மூளைக்கு நல்லது என்று லாயத்துக்கு மேலேயே எழுதும் அறையை வைத்துக்கொண்டார் என்கிறார்கள் வரலாறு எழுதியவர்கள்.

ஆல்ஃப்ரெட்டின் மகனுக்கு ஆண் வாரிசு இல்லாமல், பேத்தி பெர்த்தாவைக் கட்டிய மாப்பிள்ளை குஸ்தாவ் 1906-இல் கைசரின் அனுமதியோடு 'க்ருப்' ஆனார். பெயர், நிறுவனத் தலைவருக்கு மட்டும். அவர் மகன் ஆல்ஃப்ரீட் காலத்துக் கதையில் நையாண்டி எடுபடாது. இரண்டாம் உலகப் போரில் கட்டாயக் கூலிகளையும் முகாம் கைதிகளையும் வதைத்து வேலை வாங்கியதற்காக 1948-இல் நியூரம்பெர்க்கில் 12 ஆண்டு தண்டனை. 1951-இல் விடுதலை, பறித்த சொத்தும் திரும்பியது.

அவருடைய ஒரே மகன் ஆர்ண்டுக்கு உலைப் பக்கம் போக ஆசையில்லை. 1966-இல் வாரிசுரிமையை எழுதிக்கொடுத்தார். பதிலுக்கு ஆண்டுக்கு இருபது லட்சம் மார்க். தலைவராகாததால் 'க்ருப்' பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. எஃகைத் தொடாமலே எஃகில் சம்பாதிக்கும் ரகசியம் அந்த வீட்டில் அவருக்குத்தான் பிடிபட்டது.