வெளி ஸ்கிரிப்ட் ஊமையா? புதியம்புத்தூர்த் தையல் முறையை முன்வைத்து ஓர் ஆய்வு

லினக்ஸில் சீரியல் போர்ட்டோடு பேசுவதற்கு மினிகாம் என்றொரு நிரல் உண்டு. அதற்குள்ளிருந்து வெளி ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினால், பல நேரம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிந்துவிடும். உடனே அதை ஊமை என்று ஏசுவது இத்துறை அறிஞர் மரபு. அம்மரபை இக்கட்டுரை மறுக்கிறது. ஸ்கிரிப்ட் பேசத்தான் செய்கிறது. நம்மிடம் பேசவில்லை, அவ்வளவுதான். இதை நிறுவ ஓட்டப்பிடாரம் பக்கத்துப் புதியம்புத்தூர் வரை போனால் போதும். மானாவாரிக் கரிசலுக்கு நடுவே ரெடிமேட் துணிக்குப் பேர் போன ஊர். கட்டிங் முடிந்த துணியைக் கட்டுக் கட்டாக வெளியே தைக்கக் கொடுப்பதுபோல மினிகாமும் வேலையை வெளியே கொடுக்கிறது. ஆனால் ஒப்பந்தம் விசித்திரமானது: தைத்த சரக்கு முதலாளியிடம் திரும்பாது, நேரே வியாபாரிக்குப் போய்விடும், முதலாளிக்கு வந்து சேர்வது புகார் மட்டும்.

சான்று மினிகாமின் கையேட்டிலேயே இருக்கிறது. (கையேட்டைப் படிப்பது ஆய்வு நெறிக்கு இழுக்கு என்று கருதுவோர் இவ்வரியைத் தாண்டிச் செல்லலாம்.) ஸ்கிரிப்ட்டின் உள்ளீடும் வெளியீடும் சீரியல் போர்ட்டின் மறுமுனையிலுள்ள மோடத்தோடு இணைந்திருக்கும், பிழைச்செய்தி போகும் வழி மட்டுமே திரைக்குத் திறந்திருக்கும். ஆகவே ‘எக்கோ’ போட்டு வணக்கம் என்று எழுதினால், வணக்கம் மோடத்துக்குப் போகிறது. ‘ஏடி’ என்று தொடங்கும் கட்டளைக்கே பழகிய மோடம் பதில் வணக்கம் வைக்காது. சரி, ‘ஏடி’ என்றே அனுப்பினாலும் விடிவில்லை. எக்கோ வரிக்கடைசியில் வைப்பது லைன்ஃபீட். மோடம் காத்துக் கிடப்பதோ கேரேஜ் ரிட்டர்னுக்கு. இரண்டு பேரும் முறையாகத்தான் நடக்கிறார்கள், காரியம் மட்டும் நடக்காது.

“ஷெல்லில் தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறதே?” என்பார்கள். ஓடும், அங்கே வெளியீடு போவதே திரைக்குத்தானே. இந்த ஆட்சேபம் நம் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. “பாதியில் செத்துவிடுகிறதே?” என்பது அடுத்தது. மினிகாமோடு வரும் ரன்ஸ்கிரிப்ட் என்னும் ஸ்கிரிப்ட் இயக்கி, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் 120 வினாடியில் கடையைக் கட்டிவிடும். அதன் ‘எக்ஸ்பெக்ட்’ கட்டளை 60 வினாடிதான் பொறுக்கும். இது சாவு அல்ல, நேரம் முடிந்து கிளம்புவது. இயக்க அனுமதி தராதது, விண்டோஸில் எழுதிய வரிமுடிவோடு கொண்டுவருவது போன்றவை எங்கும் நடக்கும் சில்லறைக் குற்றங்கள்; ஆய்வின் தகுதிக்குக் குறைவானவை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மினிகாம் போர்ட்டைப் பிடித்திருக்கும்போதே வேறொரு ஷெல்லில் ஓடும் ஸ்கிரிப்ட்டும் அதே போர்ட்டைத் தனியாகத் திறந்து படித்தால், வரும் எழுத்துகளை இருவரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்வார்கள். அரைகுறையாக வரும் பதிலுக்கு மோடத்தைத் திட்டிப் பயனில்லை.

எனவே ஏசுவதற்கு முன், திரையில் தெரிய வேண்டிய ஒவ்வொரு ‘எக்கோ’ வரிக்குப் பின்னாலும் >&2 சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் ஒன்றும் தெரியாவிட்டால், ஸ்கிரிப்ட் அநேகமாக ஓடத் தொடங்கவே இல்லை. மேலே சொன்ன சில்லறைக் குற்றங்களை விசாரியுங்கள்.