துருவுக்கு யார் பொறுப்பு?

ஸ்கேல் மாடல் போட்டிக்கு நடுவராக இரண்டு தகுதிகள் போதும். விஷயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அந்த வருஷம் போட்டியில் வைக்கத் தன்னிடம் எதுவும் இருக்கக் கூடாது. முதல் தகுதி எனக்குச் சுமாராக உண்டு. இரண்டாவதில் என்னை அடித்துக்கொள்ள சென்னையில் ஆள் கிடையாது. என் பீரோ மேல் பிரிக்காத கிட் பெட்டிகள் சீலிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கி வந்த அன்று, “பொங்கலுக்குள் முடித்துவிடுவேன்” என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொங்கல் என்று சொன்னதில்லை.

நிஜ விமானத்தையோ டாங்கியையோ கப்பலையோ ஒரே விகிதத்தில் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வெட்டி, ஒட்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து முடித்தால் அதுதான் ஸ்கேல் மாடல். விமானத்துக்கு 1/72 பிரசித்தம். ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். டாங்கிக்கு 1/35. இது எந்தக் கணக்கில் வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1961-ல் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு செய்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டுமே என்று பார்த்ததில் அந்த அளவு வந்தது. உலகமே பிடித்துக்கொண்டது. டார்ச் பேட்டரி கொஞ்சம் ஒல்லியாக இருந்திருந்தால் இன்று எல்லா டாங்கியும் சின்னதாக இருந்திருக்கும்.

விகிதம் என்பது இங்கே கற்பு மாதிரி. எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை மலையைவிட உயரம். அவர் கடையில் விற்கும் பூசணிக்காயில் ஒரு தெப்பக்குளமே அடங்கும். சுண்டல் வாங்க வந்தவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. இங்கே 1/35 டாங்கி பக்கத்தில் 1/48 ஜீப்பை நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

நான் நடுவராகப் போன போட்டி நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்து, இலை போடும் இடத்தில் போர்விமானங்களை வைத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு மேஜைகளைக் காலி செய்தாக வேண்டும், ஏழு மணிக்கு ரிசப்ஷன் என்று மண்டபத்து மேனேஜர் மைக்கிலேயே அறிவித்துவிட்டார். எங்கள் தீர்ப்புகளில் ஏதாவது அவசரம் தெரிந்திருந்தால், அதற்கு மணமக்களைத்தான் கேட்க வேண்டும்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். இந்தப் பொழுதுபோக்கில் பல் டாக்டர்களுக்கு இயற்கையிலேயே ஒரு சலுகை உண்டு. நாம் தேடித் தேடி வாங்கும் குட்டிக் குட்டிச் சுரண்டிகளெல்லாம் அவர்களிடம் பை நிறைய இருக்கும். இன்னொருவர் ராணுவத்தில் டாங்கி பழுதுபார்த்து ஓய்வுபெற்று ஆவடியில் குடியேறியவர். எல்லாருக்கும் அவர் ‘ஆவடி சார்’. மூன்றாவது ஆள் நான்.

இந்தப் போட்டிகளுக்கு ஒரு மரபு உண்டு. 1963-ல் பிரிட்டனில் ஐ.பி.எம்.எஸ். என்று ஒரு சங்கம் தொடங்கியது. அடுத்த வருஷமே அதற்கு அமெரிக்காவில் ஒரு கிளை முளைத்தது. அந்த அமெரிக்கக் கிளை வகுத்த முறையைத்தான் எங்கள் ஊர்ப் போட்டியும் கொஞ்சம் உப்புப் புளி கூட்டிப் பின்பற்றுகிறது. முறையின் சாரம் இது: முதலில் அடிப்படை வேலையைப் பார். ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறதா? பசை வழிந்திருக்கிறதா? இறக்கைகள் சமமா? பெயிண்டில் விரல் ரேகை உண்டா? டெக்கால் என்கிற சின்ன ஒட்டுப்படங்கள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா? நிஜத்தைப் போலவே இருக்கிறதா என்ற கேள்வி இவையெல்லாம் தீர்ந்த பிறகுதான். அழகாக இருக்கிறதா என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

அதனால் நடுவரின் ஆயுதம் கண் அல்ல, டார்ச். பேனா பருமனில் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாய்த்து அடித்தால், செய்தவர் ஆறு மாதம் தேய்த்து மறைத்த கோடு சுவரொட்டி மாதிரி எழுந்து நிற்கும். கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 72-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டர் விரிசல். விமானி விரலை விட்டு ஆட்டலாம். இப்படிப் பெருக்கிப் பார்க்கும் புத்தி வந்துவிட்டால் அப்புறம் உலகத்தில் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அன்று மத்தியானம் எனக்கு வைத்த வடையில் ஓர் இணைப்புக் கோடு தெரிந்தது.

டாக்டர் தன் பல் கண்ணாடியையும் எடுத்து வந்திருந்தார். மாடலைத் தொடக் கூடாது என்பது சட்டம். விமானத்தின் அடிவயிற்றைப் பார்க்க அந்தக் கண்ணாடி தேவை. ஒரு கையில் டார்ச், மறு கையில் கண்ணாடி. குனிந்தால் அவருக்குப் பழக்க தோஷம் வந்துவிடும். “மேல் வரிசை சுத்தம். கீழே இடது பக்கம் கடைசியில் ஒரு சொத்தை” என்பார். நான் எழுதிக்கொள்வேன்.

விமான மேஜையில் திரும்பின பக்கமெல்லாம் மிக்-21. இந்திய விமானப்படைக்கு 1963-ல் வந்த விமானம், 2025 செப்டம்பரில்தான் ஓய்வுபெற்றது. பிரிவுபசாரமாக ஆளுக்கொன்று செய்து கொண்டுவந்துவிட்டார்கள். அதன் மூக்கில் நீளமாக ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். காற்றின் வேகம் அளப்பது. நிஜ விமானத்தில் அது எத்தனை வேகம் தாங்குமோ, மாடலில் ஆட்டோவின் வேகத்தைத் தாங்காது. ஸ்பீடு பிரேக்கரில் உடைந்த ஊசிகளை வாசலிலேயே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். ஃபெவிக்விக் வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஊசிக்கு முன்னால் விரல் ஒட்டிக்கொண்டது ஒருவருக்கு. அதே பசையின் ஆவி பட்டால் விமானியின் கண்ணாடிக் கூண்டு பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். அப்படி வெளுத்த ஒன்றின் கீழே ‘குளிர்காலம், அம்பாலா’ என்று சீட்டு வைத்திருந்தார் ஒரு சமயோசிதர். எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர் மசியவில்லை.

ஒரு பள்ளிக்கூடப் பையன் டெக்கால் வீணாகிப்போய், வட்டச் சின்னத்தைக் கையாலேயே வரைந்திருந்தான். நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி என்று வர வேண்டும். அவன் காவியை நடுவில் வைத்துவிட்டான். “தம்பி, இது எந்த நாடு?” என்று கேட்டேன். “இந்தியாதான் அங்கிள், உள்ளே வெளியே மாறிப்போச்சு” என்றான். கூடத்தில் அன்று நான் கேட்ட விளக்கங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

சிக்கல் டாங்கி மேஜையில் ஆரம்பித்தது. இந்தத் துறையில் ‘வெதரிங்’ என்று ஒரு கலை வளர்ந்து நிற்கிறது. புதிதாக அடித்த பெயிண்டை வேண்டுமென்றே பழசாக்குவது. எண்ணெய், புழுதி, கீறல், சேறு, துரு எல்லாம் தூரிகையால் வரும். ஒருவர் டி-55 டாங்கி ஒன்றைச் செய்து, கடலுக்கடியில் இருந்து தூக்கின மாதிரி துருவேற்றியிருந்தார். சுற்றி நின்றவர்கள் சொக்கிப்போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆவடி சார் குனிந்தார். நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“இந்தத் துருவுக்கு யார் பொறுப்பு?”

“சார், அது பெயிண்ட்” என்றேன்.

“பெயிண்டா இருந்தா என்ன? வண்டியை இப்படி நிறுத்திவைக்க எந்த ரெஜிமெண்ட்ல விடுவாங்க? புகைபோக்கியில் துரு இருக்கும், சரி. செயின்ல இருக்கும், சரி. டரட் மேல துரு வந்தா அன்னிக்கு எங்களுக்குச் சோறு கிடையாது.”

பக்கத்து டாங்கிக்குப் போனோம். அதுவும் டி-55. டரட்டை, அதாவது பீரங்கிக் கூண்டை, முட்டை மாதிரி வழவழவென்று தேய்த்திருந்தார்கள். டாக்டர் டார்ச் அடித்து உருகிப்போனார். ஆவடி சார் மறுபடி தலையாட்டினார். “வார்த்து எடுத்த டரட் சார் இது. கையை வெச்சா சொரசொரன்னு இருக்கணும். அதோ அந்த மூணாவது வண்டியைப் பாருங்க, எவ்வளவு நல்லா சொரசொரப்பு கொண்டுவந்திருக்கான்!”

டாக்டர் மூன்றாவது வண்டியைப் பார்த்தார். “அது சொரசொரப்பு இல்லை சார். பெயிண்ட் தூரத்திலிருந்து அடித்ததில் பாதி வழியிலேயே காய்ந்து பொடியாக விழுந்திருக்கிறது. கைத்தவறு.”

“தவறா வந்தாலும் சரியா வந்திருக்கு.”

இதற்கு ஐ.பி.எம்.எஸ். விதிகளில் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. விதிப்படி டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்கு ஆவடி சாரின் கட்சிதான் பிடித்தது. யோசித்துப்பாருங்கள், அவர் கையாண்ட நிஜ டாங்கியையே 35 மடங்கு சுருக்கி அந்த மேஜையில் வைத்தால் டாக்டர் அதற்கு ஆறுதல் பரிசுகூடத் தர மாட்டார். பெயிண்ட் பொடிந்திருக்கிறது, வெல்டிங் நேராக இல்லை, ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று எழுதியிருப்பார்.

நாலாவது டாங்கியின் மேல் மெல்லிய புழுதிப் படலம். எங்கேயும் திட்டுத் திட்டாக இல்லாமல், மேடான இடத்தில் குறைவாகவும் மூலைகளில் அதிகமாகவும் அற்புதமாகப் படிந்திருந்தது. ஆவடி சாரே, “இது ராஜஸ்தான் மண்ணு” என்று நெகிழ்ந்தார். அடிப்படை வேலையும் சுத்தம். மூன்று பேரும் முதல்முறையாக ஒத்துப்போனோம். அந்த நேரம் பார்த்து யாரோ ஃபேன் போட்டார்கள். ராஜஸ்தான் மண் பாதி பறந்துபோய்விட்டது. ஷோகேஸ் மேல் சும்மா இருந்ததில் படிந்த அசல் வளசரவாக்கம் தூசி அது. உரிமையாளர் வேகமாக வந்து, “அதுவும் வெதரிங்தானே சார்?” என்றார். நியாயமான கேள்வி. இயற்கையாக வந்த வெதரிங்குக்கு மார்க் உண்டா என்று பேசியதில் இருபது நிமிஷம் போயிற்று.

அந்த ஃபேன் அத்துடன் நிற்கவில்லை. கப்பல் மேஜையில் 1/700-ல் ஒரு போர்க்கப்பல். அந்த அளவில் மாலுமி இரண்டரை மில்லிமீட்டர்தான் இருப்பார். கொடிமரக் கயிறுகளுக்குத் தன் மனைவியின் தலைமுடியைப் பயன்படுத்தியிருந்ததாகச் செய்தவர் பெருமையோடு சீட்டு எழுதி வைத்திருந்தார். தலைமுடி ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். 700-ஆல் பெருக்கினால் கயிற்றின் தடிமன் 5 சென்டிமீட்டர். கொடியேற்ற அவ்வளவு தடி வடம் வேண்டாம். இதை நான் டாக்டரிடம் சொல்லி வாய் மூடுவதற்குள் ஃபேன் காற்றில் கொடிமரம் சாய்ந்தது. பெருக்கல் தேவைப்படவில்லை.

இளைஞர்கள் எல்லாரும் ‘கண்டம்’ (Gundam) மேஜையில்தான் இருந்தார்கள். ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் வரும் ராட்சத ரோபோக்கள். 1980 முதல் பண்டாய் நிறுவனம் கிட்டாக விற்கிறது. துண்டுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிடும், பெரும்பாலானவற்றுக்குப் பசைகூட வேண்டாம். ஆவடி சார் ஒன்றின் முன் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது எந்த ரெஜிமெண்ட்?” என்று கேட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நிஜத்தில் 18 மீட்டர் உயரம், 1/144-ல் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளே ஒரு பைலட் உட்கார்ந்திருப்பான் என்று. நிஜத்தில் என்ற சொல்லை அவர் கவனிக்காத மாதிரி விட்டுவிட்டார். “முழங்கால் ஜாயிண்டுக்கு கிரீஸ் எங்கே அடிப்பீங்க?” என்றார். அவள் முழங்காலை மடக்கிக் காட்டினாள். அங்கே உண்மையிலேயே எண்ணெய்க் கசிவு வரைந்திருந்தாள். அந்தப் பிரிவில் முதல் பரிசு யாருக்கு என்பதில் விவாதமே எழவில்லை. துரு கிடையாது, பராமரிப்பு நன்று என்று சார் தன் கைப்படத் தாளில் எழுதினார்.

மூன்றரைக்குச் சமையல் காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து மேஜைகளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். டாங்கிப் பிரிவின் முடிவு அந்த நிலையில்தான் வந்தது: வழவழப்பான டரட்டுக்கு முதல் பரிசு, விதிப்படி. வளசரவாக்கம் தூசிக்கு இரண்டாவது. துருவுக்கு எதுவும் இல்லை. சார் கையெழுத்துப் போட மறுத்து, பிறகு காபி வந்ததும் போட்டார்.

பரிசு வாங்காதவர்கள் நடுவரிடம் வந்து காரணம் கேட்கலாம் என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. கேட்டவர்களில் ஒருவர் மிக்-21 செய்தவர். பெயிண்ட், டெக்கால், மூக்கு ஊசி எல்லாம் பிரமாதம். மனைவியோடு வந்து நின்றார். அவரை வால் பக்கம் குனியச் சொல்லி, கண்மட்டத்தில் காட்டினேன். இடது இறக்கை வலதைவிட அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

“மிக்-21-க்கு இறக்கை கொஞ்சம் கீழ்நோக்கித்தான் சார் இருக்கும். டிசைனே இரண்டு டிகிரி சரிவு” என்றார் அவர், விஷயம் தெரிந்தவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். “இதையேதான் சார் வீட்லயும் சொன்னார். டைனிங் டேபிள்ல வெச்ச அன்னிக்கே, ஒரு றெக்கை தொங்குதேன்னு கேட்டேன். டிசைன்னார். டிசைன்னா ரெண்டும்ல தொங்கணும்னேன். உனக்கென்ன தெரியும்னு சொல்லிட்டார்.”

டாக்டர் அதற்குள் தன் பல் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் நடுவராக வர முடியுமா என்று அந்த அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கணவர் தன் மிக்-21-ஐப் பெட்டியில் வைத்தபடி, நடுவரின் குடும்பத்தார் போட்டியில் கலந்துகொள்ளலாமா, விதி என்ன சொல்கிறது என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். கூடாது என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.