பசுமையார்

காலை ஆறரை மணிக்குப் புதுக்கோட்டை உழவர் சந்தையில் ஒருவர் கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு, "பையைப் புடிங்க சார்" என்று கடைக்காரம்மா சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டால், அவர்தான் பசுமையார். ஊருக்கு நாலு பேராவது உண்டு. பணி ஓய்வு, கதர்ச் சட்டை, வாட்ஸ்அப் முகப்பில் ஓர் ஆலமரம்.

பை இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 அன்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை போட்டபோது நாலு துணிப்பை வாங்கினார். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்ததும் இன்னும் நாலு. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தைக் கண்ட இடத்திலெல்லாம், வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்று. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை தனிக் கணக்கு.

டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பை குறைந்தது 52 முறை கடைக்குப் போய் வந்தால்தான் பிளாஸ்டிக் பையை விட மேல். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான முறை என்றது அது. பள்ளி ஆண்டு விழாக்களில் இதை எண் பிசகாமல் சொல்பவர் பசுமையார்.

"ஏங்க, ஆணியில இத்தனை பை தொங்குதே, எதுக்கு?"

"கடைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போக."

"இப்ப எங்க போயிட்டு வர்றீங்க?"

கேட்டவர் வீட்டம்மா. 1991-ல் ஷீலாராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பழகிய பெண்களில் ஒருவர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பதால் குறுக்குக் கம்பி வைத்த வண்டியிலேயே பழகினார்கள். கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் திரண்டு ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தார்கள். வீட்டம்மா இன்றும் ரேஷன் கடைக்குச் சைக்கிளில்தான் போகிறார். தூரமென்றால் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

பசுமையாரிடமும் சைக்கிள் உண்டு, கியர் வைத்தது. விழிப்புணர்வுப் பேரணி என்றால் அதைக் காரின் தலையில் கட்டிச் சித்தன்னவாசல் வரை கொண்டுபோய், அங்கே இறக்கி, படம் எடுக்கிற தூரத்துக்கு மிதித்து, மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு வருவார். ஏசி இல்லாமல் வந்தால் சைக்கிள் டயர் சூடாகிவிடுமாம்.

அன்பளிப்பிலும் கொள்கை தவறமாட்டார். எங்கே போனாலும் மரக்கன்று. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து அந்தக் கொள்கை இன்னும் உறுதிப்பட்டது. ஆனால் அதே வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பல பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல், ஒரே செலவு என்று முடித்துக்கொள்வார்கள். சிக்கனத்தில் பசுமையாருக்கே பாடம் எடுக்கலாம். வாங்கிய மொய்யை, அதைச் செய்தவர் விருந்து வைக்கும்போது மேலே போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இந்த ஆடியில் ஒரு விருந்துக்குப் போய், கறிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதும் மேசையில் ஒரு தென்னங்கன்றை வைத்தார். பேனா நின்றது.

"இத எவ்வளவுன்னு எழுதுறது சார்?"

"எழுத வேண்டாம் தம்பி. இயற்கைக்குக் கணக்கு ஏது?"

"அது ஆகாது சார். எழுதலைன்னா நாளைக்கு நீங்க விருந்து வைக்கிறப்ப எதை வச்சுத் திருப்பிச் செய்யிறது?" என்ற தம்பி, நோட்டில் 'தென்னை 1' என்று எழுதி, பக்கத்தில் பசுமையாரின் முகவரியைக் கேட்டார். ராஜகோபாலபுரம், இரண்டாவது மாடி என்றார் பசுமையார்.

"சரிங்க சார். உங்க விருந்துக்கு ரெண்டா கொண்டாந்து இறக்கிடுறோம்."